கிரேன் மாப்பிள்ளைக்குப் போன பழக்கூடை

பிப்ரவரி மாதக் கடைசி, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு ஊத்துக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஒரு மூங்கில் கூடையோடு நான் நின்றபோது, தெரிந்தவர்கள் ஒருவரும் எங்கே பயணம் என்று கேட்கவில்லை. கூடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெண்ணைக் கட்டிக் கொடுத்த ஊர், கும்மிடிப்பூண்டி.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். நாலாவதுக்குப் போக வேண்டிய வயதில் தலைமேல் கொய்யாக் கூடை ஏறிவிட்டது. இன்று ஊத்துக்கோட்டை கடைத்தெருவில் இரண்டு ஷட்டர் வைத்த பழக்கடை என்னுடையது. தட்டிப் பார்த்தே தர்பூசணிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வேன். கோயம்பேட்டில் மொத்த வியாபாரம் செய்கிறவர்களே, "ஏழுமலை, நீ ஒரு வாய் பாத்து சொல்லு" என்று பழத்தை நீட்டுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை குமரவேல், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். ரோட்டில் போகும் கிரேன் அல்ல. கூரைக்குக் கீழே தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, இருபது டன் இரும்பைத் தூக்கி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோகும் கிரேன். அந்தத் தொழிற்சாலையிலேயே உயரத்தில் உட்கார்ந்திருப்பவர் என் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவருக்குத்தான் புதன்கிழமை கம்பெனி மெடிக்கல். போன வருடமே டாக்டர், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, அடுத்த வருடம் தாண்டினால் கிரேன் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்துத் தொழிலாளிகளுக்குள் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. மெடிக்கலுக்கு முந்தின வாரம் சோறு, இட்லி, சர்க்கரை போட்ட டீ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் பழமாகவே சாப்பிடுவார்கள். அதற்கு மெடிக்கல் வாரம் என்றே பெயர். இந்த வருடம் மாப்பிள்ளையின் ஷிப்ட் முழுவதற்கும் பழம் அனுப்பியது நான். தினமும் பேருந்தில் ஏற்றிவிட்டால் தொழிற்சாலை வாசலில் வாங்கிக்கொள்வார்கள். எனக்கு அங்கே பழ மாமா என்று பேர் வந்துவிட்டது. கடைசி நாள் கூடையை நானே கொண்டுபோனேன்.

கூடையில் சப்போட்டா, பன்னீர் திராட்சை, ஏலக்கி வாழை, கொய்யா, ஒரு பப்பாளி, ஒரு சின்ன தர்பூசணி. மேலாக இரண்டு டப்பா ஸ்ட்ராபெரி. எங்கள் பக்கத்தில் அதை வாங்க ஆளில்லை, புதுசாக இருக்கிறதே என்று கோயம்பேட்டில் வாங்கினேன். ஒன்றைக் கடித்தேன், புளித்தது. மாப்பிள்ளை முகம் சுளிப்பாரே என்று தூவிக்கொள்ள நாட்டுச்சர்க்கரை ஒரு பொட்டலம் கட்டி வைத்தேன்.

பெரியபாளையம் போகும் பேருந்தில் எனக்கு இருபது ரூபாய் டிக்கெட். நடத்துநர் கூடையைப் பார்த்தார்.

"பெரியவரே, கூடைக்கு லக்கேஜ் எடு."

"இதுல இன்னா கீதுன்னு தெரியுமா? என் மாப்ளையோட வேலை கீது."

"வேலையா இருந்தா மடியில வெச்சிக்கோ. சீட்டுல வெச்சா டிக்கெட்டு."

எடுத்தேன். பக்கத்தில், பெரியபாளையம் கோயிலுக்கு எலுமிச்சை மாலையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஸ்ட்ராபெரியை உற்றுப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது, குட்டித் தக்காளியா?"

"ஸ்ட்ராபெரி. மலையில வெளையறது."

"எனுக்கு சுகரு. நான்லாம் துன்னலாமா?"

"தாராளமா துன்னும்மா. பழத்துல கீறது சாமி வெச்ச சக்கர. மில்லுல ஆட்டுறதுதான் ஒடம்புக்கு ஆவாது" என்று ஒரு கொத்துத் திராட்சையை அவர் கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். அங்கே இறங்கி, ஆரணி வழியாகப் புதுவாயல், கவரைப்பேட்டை போகும் வண்டியைப் பிடித்தேன். இந்த ஆரணி பட்டுக்குப் பேர்போன ஆரணி அல்ல, எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணி. சாலையின் இரண்டு பக்கமும் நவரைப் பருவ நெல் பச்சையாக நின்றது. நடுநடுவே செங்கல் சூளை, கல்யாண மண்டபம், பிளாட் போட்ட கற்கள். புதுவாயல் வந்து பெரிய ரோட்டில் ஏறியதும் நெல் காணாமல் போய்விடும். அப்புறம் எல்லாம் லாரிதான். ஆந்திரா நம்பர், ஒடிசா நம்பர், எந்த ஊர் என்று நமக்குத் தெரியாத நம்பர்.

கவரைப்பேட்டையில் இறங்கி மின்சார ரயில் ஏறினேன். ஐந்து ரூபாய், அடுத்த நிறுத்தம் கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து வருகிற அந்த ரயிலுக்கு அதுவே கடைசி ஊர். அங்கே கூட்டம் ஒரு தினுசு. ஒரே நீலச் சட்டையில் நூறு பேர், ஒரே காக்கியில் ஐம்பது பேர், எல்லோர் கழுத்திலும் அட்டை. இந்தி, தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே படிக்கட்டில் இறங்கும். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கொடுத்து, சிப்காட்டுக்குப் பின்னால் மகள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை மணி. காற்றில் சுட்ட இரும்பு வாசனை. ஒரு நாள் இருந்தால் பழகிவிடும்.

மகள் மகேஸ்வரி கெமிஸ்ட்ரி படித்தவள். அங்கேயே ஒரு பழரசக் கம்பெனியில், லாரியில் வரும் பழத்தைச் சோதிக்கும் வேலை. அன்று அவளுக்கு வார விடுமுறை. மாப்பிள்ளை காலை ஷிப்ட், இவள் பெரும்பாலும் மதிய ஷிப்ட். ஒரே வீட்டில் இருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து சாப்பிடுவது வாரத்தில் ஒரு நாள்தான்.

"வா நைனா. இன்னாத்துக்கு இவ்ளோ பழம்? நாங்க ரெண்டே பேரு."

"எல்லாம் உங்கூட்டுக்காரருக்கு. மெடிக்கல் வாரம் இல்ல?"

"அதுக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவளுக்கு விஷயமே தெரியாது. மாப்பிள்ளை போனில், "மகேசுக்குச் சொல்லாதீங்க மாமா, திட்டுவா" என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க வராது. ஒரு வாரமாகக் கூடை கூடையாக அனுப்பியதை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"சோறு துன்றதில்லையா? நான் கேவுரு களியும் கீரையும் கட்டி அனுப்பறனே, அது எங்க போவுது?"

"அது எனக்குத் தெரியாதும்மா. பழந்தான் துன்றாரு. பழத்துச் சக்கர இன்னா பண்ணும்? இயற்கை."

அவள் உள்ளே போய் ஒரு சின்னக் குழாயோடு வந்தாள். பேனாவைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு முனையில் சாய்ந்த கண்ணாடி, மறுமுனையில் கண் வைக்கும் இடம். கம்பெனியில் பழசாகிப் போனதை இவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கிற நம்பர்தான் கணக்கு. நூறு கிராம் சாற்றில் அத்தனை கிராம் கரைந்திருக்கிறது, அதில் பெரும்பங்கு சர்க்கரை.

"நைனா, நீ நாக்குல பாத்து வரிசையா அடுக்கு. அப்பால நான் இதுல பாக்கறன்."

என்னிடம் போட்டியா? ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு அறுத்து வாயில் போட்டு, இனிப்பு அதிகமானதை முதலில் வைத்து அடுக்கினேன். சப்போட்டா தலையில். அடுத்து தர்பூசணி, வாழை, பப்பாளி, கொய்யா. திராட்சை கொஞ்சம் புளித்ததால் கடைசிக்கு முன்னால். ஸ்ட்ராபெரி கடைசி.

அவள் சப்போட்டாவையும் வாழையையும் துணியில் வைத்துப் பிழிந்து சொட்டு எடுத்தாள். சப்போட்டா இருபத்திரண்டு. வாழை இருபத்தொன்று. பப்பாளி பதினொன்று, கொய்யா பத்து. ஸ்ட்ராபெரி ஏழு. தலையும் வாலும் மீட்டருக்கு முன்பே சொன்னவன் நான் என்று தொடையைத் தட்டினேன்.

"இப்ப தர்பூசணி பாரு" என்று குழாயை என் கையில் கொடுத்தாள். கோடு ஒன்பதில் நின்றது. திராட்சைக்குப் பதினெட்டில் நின்றது. கண்ணாடியைத் துடைத்து வேறு திராட்சையைப் பிழியச் சொன்னேன். மறுபடியும் பதினெட்டு.

"மீட்டர் கெட்டுப் போச்சும்மா."

"மீட்டர் கெடல. புளிப்பு சேந்தா நாக்கு இனிப்பக் கொறச்சி சொல்லும். பழத்துல மூணு வகை சக்கர கீது நைனா. அதுல ஒரு வகை நாக்குக்கு ரொம்ப இனிக்கும். தர்பூசணியில பாதிக்கு மேல அதான். அதனால கொஞ்சமா இருந்தாலும் நெறைய மாதிரி தெரியுது."

"சரி, இருக்கட்டும். எப்படி இருந்தாலும் சாமி வெச்ச சக்கர."

"ரத்தத்துக்கு அது சாமி வெச்சுதா மில்லு வெச்சுதான்னு தெரியாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "பழம் கெட்டதுன்னு நான் சொல்லல. ஒரு கொய்யா, ஒரு கை ஸ்ட்ராபெரி, ஒண்ணும் ஆவாது. நாரு கீது, மெதுவா ஏறும். அவரு ஒரு வேளைக்கு எவ்ளோ துன்றாரு?"

"சப்போட்டா பத்துப் பன்னண்டு இருக்கும். திராட்சை ஒரு கிலோ."

அவள் கூடையை இழுத்துக் கிளறினாள். கூடை ஓரத்தில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"இது இன்னா?"

"நாட்டுச்சர்க்கரை. ஸ்ட்ராபெரி புளிக்குதேன்னு..."

"கூடையிலயே சக்கர கம்மியா கீறது அது ஒண்ணுதான். அதுக்கும் தூவ எட்த்துனு வந்தியா?" என்று பொட்டலத்தை அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் கண் கலங்கியிருந்ததால் வரவில்லை.

மதியம் இரண்டரைக்கு மாப்பிள்ளை வந்தார். கூடவே பாபு, அதே ஷிப்டில் வேலை செய்கிற ஒல்லிப் பையன். கல்யாணமாகி இரண்டு பிள்ளை இருக்கிறது, எனக்குத்தான் பையன். உள்ளே வந்ததும் சாப்பாட்டு டப்பாவை நீட்டி, "அக்கா, களி இன்னிக்கு சோக்கா இருந்துச்சு" என்றான். மாப்பிள்ளை அவன் காலை மிதித்தார். ஆனால் அதற்குள் அவன் சொல்லி முடித்திருந்தான்.

மகேஸ்வரி எழுந்து உள்ளே போனாள். விரலில் குத்திப் பார்க்கும் சின்ன மெஷினை எடுத்துவந்து அவர் கையைப் பிடித்தாள். இருநூற்று அறுபத்தெட்டு. போன வருடம் சாப்பிட்ட பிறகு பார்த்தபோது நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் மேலே இருந்ததாம்.

மாப்பிள்ளை அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வாரமா ஒரு பருக்கை சோறு துன்னலயே" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமே சொல்லிக்கொண்டார். பதினொரு வருடமாக அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தவர். நடந்து போகும்போதுகூட வலது கை லீவரைப் பிடிக்கிற மாதிரி மடங்கியே இருக்கும்.

பாபுதான் பேச்சை எடுத்தான். "இன்னாத்துக்கு பேஜாரு? ஊசி போடறவங்க வெளியூரு. யாரு மூஞ்சப் பாக்கறாங்க? நாளைக்கி அண்ணன் பேரு கூப்பிட்டா நான் போயி கைய நீட்டறன். என் ரத்தம் சுத்தம்."

உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. கூடையில் மேல் அடுக்குக்கு நல்ல பழமாகப் பார்த்து வைப்பதில்லையா, அந்த மாதிரிதான் என்று நினைத்தேன். "நல்ல புத்திடா உனக்கு" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

மகேஸ்வரி பாபுவைப் பார்த்துக் கேட்டாள். "நீ எங்க நின்னு வேலை செய்யற?"

"கொக்கிக்குக் கீழ. சங்கிலி மாட்டிட்டு, தூக்கு எறக்குன்னு அண்ணனுக்குக் கை காட்டுவேன்."

"மேல இருக்கறவருக்குக் கண்ணு மங்குச்சின்னா அந்த இரும்பு யாரு தலையில வரும்?"

பாபு சிரிக்கப் பார்த்தான். "அண்ணன் என் தலையிலயா போடப் போறாரு?"

யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

"போன வாரம் ரெண்டு வாட்டி மங்குச்சி" என்றார் மாப்பிள்ளை. "தூக்கம் பத்தலன்னு நெனச்சேன்." பிறகு பாபுவின் பக்கம் திரும்பினார். "பாபு, நீ ஊட்டுக்குப் போ. ரத்தம் நானே குடுக்கறன்."

அன்று சாயங்காலம் நாலு பேராக உட்கார்ந்து சாப்பிட வேண்டியது, மூன்று பேராகச் சாப்பிட்டோம். மாப்பிள்ளைக்கு ஒரு கரண்டி சோறு, தட்டு நிறையக் கீரை, கடைசியில் நாலு ஸ்ட்ராபெரி. தூவ ஒன்றும் இல்லாமல் நானும் நாலு தின்றேன். முதல் கடி புளிப்பு. நிதானமாக மென்றால் உள்ளே ஓர் இனிப்பு இருக்கிறது, அது வருகிற வரைக்கும் பொறுக்க வேண்டும். விலைக்குத் தகுந்த பழமில்லை என்பது என் அபிப்பிராயம்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவரோடு தொழிற்சாலை வரைக்கும் போனேன். வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். நாஷ்டாவுக்கு இரண்டு இட்லி, டீ. மதில் சுவருக்கு மேலே கூரை மட்டும் தெரிந்தது. உள்ளே எதையோ இறக்கும்போது என் பெஞ்சு அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும், இப்போது கொக்கிக்குக் கீழே யார் நிற்கிறான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இத்தனை வருடமாக இந்த ஊருக்கு வருகிறேன். மேலே இருப்பவரை மட்டுமே நினைத்து வந்திருக்கிறேன்.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். வெறும் வயிற்றிலேயே சர்க்கரை தாண்டியிருந்தது. மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனையிலும் கூடத்தான். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். கட்டுக்குள் வந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை கிரேன் கிடையாது, கீழே வேலை. வந்தால் மறுபடி ஏறலாம்.

"மூணு மாசமாவே ஏறிகினு இருந்துதாம் மாமா. உங்க பழத்தால மட்டும் இல்லன்னு டாக்டரே சொன்னாரு" என்றார். பெரிய மனசு. அதில் அந்த 'மட்டும்' என்ற சொல்லை நான் கவனிக்காமல் இல்லை.

"கீழ இன்னா வேலை மாப்ள?"

"பாபு கூட. சங்கிலி மாட்டணும், கை காட்டணும்." கொஞ்சம் சிரித்தார். "இப்பவே போய் நின்னு பாத்துட்டு வந்தேன். அண்ணாந்து பாத்தா அவ்ளோ பெரிய இரும்பு நம்ம மேலயே வர மாதிரி கீது. பாபு இத்தினி வருசமா எப்பிடித்தான் நின்னானோ."

அப்போது ஷிப்டின் மற்றவர்கள் ஐந்தாறு பேர் வாசலைத் தாண்டி என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பழ மாமா! நாங்கல்லாம் பாஸ்! எல்லாம் உங்க சப்போட்டா மகிமை."

"அடுத்த வருசம் ரெண்டு கூடை சேத்து அனுப்பு மாமா. துட்டு நாங்களே போட்டுக்கறோம்."

ஒருவன் என் தோளில் துண்டைப் போட்டான். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இந்த மாதிரி நாலு பேர் நடுவில் நிற்பதென்றால் எனக்குக் கொள்ளை ஆசை. சாதாரணமாக அங்கேயே ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பக்கத்தில் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"பழத்தால பாஸ் ஆவலப்பா" என்றேன். "உங்க ஒடம்பு நல்லா கீது, பாஸ் ஆயிட்டீங்க. சோத்த வுட்டுட்டு கூடை கூடையா பழம் துன்றது தப்பு. அதுல கீறதும் சக்கரதான். அடுத்த வருசம் அனுப்பமாட்டேன். அளவா சோறு துன்னுங்க, அளவா பழம் துன்னுங்க."

ஒருவன், "மாப்ள கீழ எறங்கினதுல மாமாவுக்கு மனசு ஒடஞ்சி பூட்ச்சி" என்றான். இன்னொருவன், "பழக்காரரே பழம் துன்னாதன்றாரு, கடைய மூடப் போறாரு போல" என்றான். சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். ஊத்துக்கோட்டையில் நான் பழத்தைப் பற்றி ஒன்று சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. அங்கே எத்தனையோ பொய்யை விற்றிருக்கிறேன், எல்லாரும் தலையாட்டி வாங்கிப் போனார்கள். கும்மிடிப்பூண்டியில் உள்ளதைச் சொன்னேன், சிரித்தார்கள்.

மத்தியானம் ரயிலடிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சிரித்தவர்களில் ஒருவன், நாற்பது வயதிருக்கும், சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு வேகமாக என்னிடம் வந்தான். வெல்டிங் வேலை செய்கிறவன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, நான் பாஸ் இல்ல. அவுங்ககிட்ட சொல்லல. எனுக்கும் சுகரு ஏறிக்கினு கீது. நீங்க சொல்லுங்க, எந்தப் பழம் துன்னலாம், எவ்ளோ துன்னலாம்?"

வாயில் பதில் தயாராக இருந்தது. ஐம்பத்தைந்து வருடமாக யார் எந்தப் பழத்தைப் பற்றிக் கேட்டாலும் தயாராக இருக்கும் பதில். நான் அதை அடக்கிக்கொண்டு, "எனக்குத் தெரியாதுப்பா" என்றேன். "டாக்டரக் கேளு. இன்னிக்கே போ. ஊட்டுலயும் சொல்லிடு."

அவன் தலையாட்டினான். ரயில் வந்து நின்றது. நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அவன் இன்னும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து போனைக் காதில் வைத்து யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான்.